இருநூற்று நாற்பது இடது கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகச் சொல்லக் கூடாதா என்று கேட்பவர்கள் வேறு எதையாவது எடுத்துப் படித்துக்கொள்ளட்டும்.

இது என் அண்ணியின் கதை. என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. வயது நாற்பத்தொன்பது. குழந்தைகளுக்கான சட்டையும் கோட்டும் தைக்கிற கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடமாகக் கட்டிங் மேஜையில் நிற்கிறார். அங்கே அவருக்கு டேப் அக்கா என்று பெயர். எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தோள் அகலம், பத்து வயதுக்கு எத்தனை கை நீளம் என்று டேப்பைத் தொடாமல் சொல்வார். யாராவது சந்தேகப்பட்டு அளந்து பார்த்தால் அரை விரல்கடைகூடத் தப்பாது. அதே கம்பெனியில் வெட்டி வரும் துண்டுகளைச் சரிபார்க்கும் மேஜையில் நான் இருக்கிறேன். கட்டியவனோடு ஒத்துவராமல் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தவள் நான். அன்றைக்கு ஒரு கேள்வி கேட்காமல் மாடி அறையைப் பெருக்கிக் கொடுத்தது அண்ணிதான்.

கட்டிங் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நடந்தது புரியும். நீளமான மேஜையில் துணியை மடிப்பு மடிப்பாக விரித்து அடுக்குவார்கள். மேல் துணியில் அளவுக்கு வெட்டிய அட்டைகளை வைத்து, சாக்பீஸால் சுற்றி வரைவது அண்ணியின் வேலை. வரைந்த கோட்டின்மேல் கத்தி மெஷினை ஓட்டுவது கத்திக்காரரின் வேலை. கோடு பிசகினால் ஒரு சட்டையோடு போகாது, அடுக்கு மொத்தமும் போகும். அதனால் ஒரு வழக்கம் உண்டு. வரைந்து முடித்த பிறகு, கத்தியை இறக்கும் முன், கத்திக்காரர் மேஜையை ஒருமுறை சுற்றி வந்து ஒவ்வொரு உருவத்தையும் விரலால் தொட்டு, இது முதுகு, இது கழுத்து, இது கை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் கண்ணில் பட்ட பிறகுதான் வெட்டு.

சாதாரணத் துணியைப் போகவும் வரவுமாக விரிப்பார்கள். ஒரு மடிப்பு மேல் பார்க்கும், அடுத்தது கீழ் பார்க்கும். அதில் கைக்கு ஒரே உருவம் வரைந்தால் போதும், இடதும் வலதும் ஜோடியாக வந்துவிடும். ரோமம் ஒரு திசையில் சாய்ந்திருக்கும் ரோமத் துணி அப்படி இல்லை. எல்லா மடிப்பும் மேல் பார்த்தபடி விரிக்க வேண்டும். கை அட்டையை ஒருமுறை வரைந்துவிட்டு, புரட்டிப் போட்டு இன்னொருமுறை வரைய வேண்டும். அன்றைக்கு வந்தது ரோமத் துணி. அறுபது மடிப்பு, மடிப்புக்கு இரண்டு கோட்டு. அண்ணி அட்டையைப் புரட்டவில்லை. கத்திக்காரர் போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே, சுற்றி வராமல், கத்தியை இறக்கினார்.

இருநூற்று நாற்பது கை. அத்தனையும் இடது கை.

கண்டுபிடித்தது நான். கண்டுபிடித்தவள் சும்மா இருந்தேனா? இரண்டு கைத் துண்டுகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, இந்தப் பிள்ளைங்களுக்கெல்லாம் ரெண்டு பக்கமும் இடது கைதானா?" என்று கத்தினேன். ஒரு மடிப்பில் மட்டும் ஏதோ கோளாறு என்று நினைத்து விளையாட்டாகக் கேட்டேன். முதலில் சிரித்ததும் நான்தான். தையல் வரிசை மொத்தமும் சேர்ந்து சிரித்தது. அண்ணி வந்தார். துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய கட்டுகளில் ஒன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார், பிறகு எல்லாக் கட்டுகளையும் பிரித்தார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் என் சிரிப்பு நின்றது. மற்றவர்கள் சிரிப்பு நிற்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

மேனேஜர் வந்தார். கத்திக்காரரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணியின் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி அதே கத்திக்காரரின் பையில் போட்டார்.

"வயசாயிடுச்சுல்ல, மூளை தேய ஆரம்பிச்சிருக்கும். மூணு மாசம் பிசிறு வெட்டுங்க. அப்புறம் பார்ப்போம். அப்பவும் சரிப்படலேன்னா வீட்டுல ஓய்வெடுங்கம்மா" என்றார்.

பிசிறு வெட்டுவது என்றால், தைத்து முடித்த துணியில் தொங்குகிற நூலை நறுக்குவது. வேலைக்குச் சேரும் முதல் நாள் கொடுக்கிற வேலை. இருபத்தாறு வருடம் கழித்து அண்ணியை அதே முக்காலியில் உட்கார வைத்தார்கள். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அந்தக் கதைதான் நடந்தது. அடுத்த வாரம் பெண்களுக்கு ஆரோக்கியக் கூட்டம் என்று அறிவித்தார்கள். எந்த நேரத்தில்? எங்கள் சாப்பாட்டு நேரத்தில். தலையில் ஒரு நரை இல்லாத ஒரு பேச்சாளர் வந்து, நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் மூளையைக் காப்பது எப்படி என்று பேசினார். நாங்கள் பசியோடு கேட்டோம். அவர் சொன்ன அறிவுரைகளுள் ஒன்று, நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

போகும்போது "மூளையைக் காக்க ஏழு வழி" என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். அதை மேனேஜர் எங்கள் கழிப்பறைக் கதவில் ஒட்டினார். நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று அதில் இருந்தது. அந்தக் கழிப்பறைச் சாவி யாரிடம்? மேனேஜரின் மேஜை இழுப்பறையில். ஒவ்வொரு முறையும் ஆண்கள் நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் போய்க் கேட்டு வாங்க வேண்டும். அதனாலேயே எங்களில் பாதிப் பேர் சாயங்காலம்வரை தண்ணீரைத் தொடுவதில்லை. ஊருக்குத்தான் உபதேசம், உனக்கும் எனக்கும் இல்லை!

வீட்டில் என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அண்ணன் அவருக்கு "மறதி மேடம்" என்று பெயர் வைத்தான். தேநீரில் சர்க்கரை இல்லையென்றால், "மறதி மேடம், இன்னிக்கு எது இடது, எது வலது?" என்பான். நானும் சிரித்தேன். பக்கவாதம் வந்து ஆறு வருடமாகக் கூடத்தில் கட்டிலோடு கிடக்கும் எங்கள் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு வாய் ஒருபக்கம் கோணியிருக்கிறது, அதனால் சிரிக்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணியின் பையில் கத்தரிக்கோல் தேடியபோது மடித்த காகிதங்கள் சில கிடைத்தன. காலண்டரில் கிழித்த பழைய தேதித் தாள்கள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஒரே மாதிரி எழுதியிருந்தது. மாமனார், கணவர், வெளியூரில் படிக்கிற மகன், நான் என்று எல்லோர் பெயரும், வீட்டு எண், பிறந்த தேதி, இன்றைக்கு என்ன கிழமை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு டிக். பள்ளிக்கூடப் பிள்ளை பரீட்சை எழுதுவதுபோல.

"என்ன அண்ணி இது?"

அவர் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என் அம்மா இப்படித்தான் ஆரம்பிச்சாங்க. முதல்ல அடுப்பை அணைக்க மறந்தாங்க. அப்புறம் வழியை மறந்தாங்க. கடைசியில என்னைப் பார்த்து, நீ யார் வீட்டுப் பொண்ணும்மான்னு கேட்டாங்க. அதான் தினமும் காலையில எழுந்ததும் எழுதிப் பார்க்கிறேன். எல்லாம் ஞாபகம் இருந்தா அன்னிக்குத் தைரியமா வேலைக்குப் போவேன்."

இத்தனை வாரமாக இந்தப் பயத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு எங்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதில் சர்க்கரை இல்லை என்று நாங்கள் கேலி செய்திருக்கிறோம். எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே லீவு போட்டு, வரமாட்டேன் என்றவரை இழுக்காத குறையாக டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

கம்பெனியில் நடந்ததை நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். டாக்டரம்மா ஐந்து வார்த்தைகளைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். அண்ணி வரைந்த வட்டத்தைப் பார்த்து, "காம்பஸ் வெச்சு வரைஞ்ச மாதிரி இருக்கே" என்றார். இரத்தம் எடுத்து அங்கேயே சோதித்தார். பிரஷர் பார்த்துவிட்டு இன்னொருமுறை பார்த்தார். நூற்று எழுபதுக்குப் பக்கம் நின்றது. பிறகு கேட்டார்.

"ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குவீங்க?"

"தூங்குவேன் டாக்டர்."

"எத்தனை மணி நேரம்னு கேட்டேன்."

அண்ணி விரலை மடக்கினார். "பதினொன்னரைக்குப் படுப்பேன். ஒரு மணிக்கு மாமாவைத் திருப்பிப் படுக்கவைக்கணும், இல்லேன்னா முதுகு புண்ணாயிடும். மூணு, மூணரைக்கு டம்ளரால கட்டில் கம்பியைத் தட்டுவார். துணி மாத்தணும். அஞ்சு மணிக்கு எழுந்துடுவேன். நடுவுல கண்ணை மூடினா உடம்பு கொதிச்சு வேர்த்துக் கொட்டுது. அது ஒரு வருஷமா."

"மாமாவைப் பார்த்துக்கிறது எத்தனை வருஷமா?"

"ஆறு வருஷம்."

"அந்த வெட்டுக்கு முதல் நாள்?"

"மாமாவுக்கு வயிறு சரியில்லை. அன்னிக்குப் படுக்கவே இல்லை."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "மாமான்னா இவங்களுக்கு மாமனார். உங்களுக்கு?"

"அப்பா" என்றேன்.

"நீங்க எங்கே படுப்பீங்க?"

"மாடியில."

அவர் பேனாவை எடுத்தார். குனிந்து ஏதோ எழுதினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. என்னைப் பெற்ற அப்பா. ஆறு வருடத்தில் அந்த டம்ளர் சத்தம் ஒருநாள்கூட என் காதில் விழுந்ததில்லை. அண்ணன் காதிலும் விழுந்ததில்லை. அவன் படுக்கை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் படுப்பான், அண்ணி கூடத்தில் அப்பாவின் காலடியில் பாய் போட்டுப் படுப்பார். இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

கடைசியில் டாக்டரம்மா அந்த ஐந்து வார்த்தைகளைக் கேட்டார். அண்ணி ஐந்தையும் வரிசை மாறாமல் சொன்னார்.

"உங்க அம்மாவுக்கு வந்தது உங்களுக்கு வந்ததா இப்ப எதுவும் தெரியலை. மாதவிடாய் நிக்கிற வயசு, அதுல தூக்கம் கெடும், சின்னச் சின்ன மறதி வரும். அது பலருக்கும் வந்து போறதுதான். அதோட இரத்தம் குறைவு, பிரஷர் அதிகம், ஆறு வருஷமாத் தூக்கம் இல்லை. இத்தனைக்கும் நடுவுல நீங்க இருபத்தாறு வருஷத்துல ஒரே ஒரு தப்புதான் பண்ணியிருக்கீங்க. ஆனா ஒண்ணு. இதே பிரஷர், இதே தூக்கம்னு விட்டீங்கன்னா, நீங்க பயப்படுறது பின்னாடி வர வாய்ப்பு கூடும். மாத்திரை நான் தரேன். நடக்கணும். உப்பைக் குறைக்கணும். கீரை, பயறு சாப்பிடணும். மனுஷங்களோட சிரிச்சுப் பேசணும். இதெல்லாத்துக்கும் முன்னாடி தூங்கணும். தூக்கத்துக்கு மட்டும் என்கிட்ட மாத்திரை இல்லை, உங்க வீட்டுலதான் இருக்கு" என்று என்னைப் பார்த்தார். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதான் டாக்டரே ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்களே! இனிமே சீக்கிரம் படுத்துக்கோ" என்று பெரிய வரம் கொடுப்பதுபோல அண்ணியிடம் சொன்னான்.

"அப்போ அப்பாவை யாருடா திருப்பிப் போடுறது?" பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன். அண்ணன் என்ற மரியாதையெல்லாம் அன்றைக்குப் பறந்துவிட்டது.

"அதை நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கோங்க. எனக்குக் காலையில ஆபீஸ் இருக்கு."

எங்களுக்கு என்ன, காலையில் உல்லாசப் பயணமா இருக்கிறது? அன்றைக்கே மாடியிலிருந்து என் பாயைக் கீழே கொண்டுவந்தேன். அண்ணியை என் அறைக்கு அனுப்பினேன். முதல் சில நாள் பழக்கத்தில் மூன்று மணிக்கு எழுந்து படியிறங்கி வந்தார், திருப்பி அனுப்பினேன். ஐந்தாம் நாள் காலை ஆறரைக்கு, கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்த முகத்தோடு இறங்கி வந்து, "ஐயோ, விடிஞ்சே போச்சா?" என்றார்.

நான்? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்? பத்தாவது நாள் என் மேஜையில் ஆறு வயது அளவுக் கட்டுகளைப் பத்து வயது பெட்டியில் போட்டு, சரி என்று முத்திரையும் குத்தி அனுப்பிவிட்டேன். மேனேஜர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "என்னம்மா, உங்க வீட்டுத் தண்ணியிலயே ஏதாவது கோளாறா?" என்றார். தையல் வரிசை சிரித்தது. அதே சிரிப்பு. என் காது மடல் எரிந்தது. பத்து நாளுக்கே எனக்கு இந்தக் கதி.

"ஆமா சார், தண்ணியிலதான் கோளாறு. குடிக்க முடியலை. சாவியைக் கொடுங்க" என்றேன். சாவி வாங்கியதும் நேராகப் போய்க் கதவில் இருந்த ஏழு வழியைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் எல்லாப் பெண்களிடமும் ஒரு விஷயம் பேசினேன். மறுநாளிலிருந்து முப்பத்திரண்டு பேரும் நன்றாகத் தண்ணீர் குடித்தோம். முப்பத்திரண்டு பேரும் மணிக்கொருமுறை அவர் மேஜைக்குப் போய்ச் சாவி கேட்டோம். இரண்டாம் நாள் மதியமே கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்துச் சாவியை மாட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கும் ஒரு ஆணி தேவைப்பட்டது. அன்று சாயங்காலம் அண்ணன் வருவதற்குள், நானும் அண்ணியும் அப்பாவின் சக்கரக் கட்டிலை உருட்டி அவன் படுக்கை அறைக்குள் கொண்டுபோய் நிறுத்தினோம். டம்ளரை அப்பாவின் நல்ல கைக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்பா கோணிய வாயால், "அவன் எழுந்திருக்கலேன்னா டம்ளரை அவன்மேலயே போட்டுடவா?" என்றார். வாய் கோணினாலும் குசும்பு கோணவில்லை. ஆறு வருடமாக நாங்கள் அவரிடம் ஒழுங்காகப் பேசியிருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

அண்ணன் வந்து குதித்தான். "நான் என்ன நர்ஸா?"

"அண்ணி நர்ஸா? வாரத்துல நாலு ராத்திரி கூடத்துல எனக்கு, மூணு ராத்திரி இங்கே உனக்கு. பெத்த பிள்ளைங்க நாம ரெண்டு பேர். அண்ணிக்கு இதுல பங்கு கிடையாது" என்றேன். அண்ணி காத்திருக்கவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

மூன்று ராத்திரி. எண்ணி மூன்றே மூன்று ராத்திரி. நான்காம் நாள் காலை அண்ணன் சமையலறை வாசலில் வந்து நின்றான். கண்ணுக்குக் கீழே கருவளையம். சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தான். அண்ணி அப்போதுதான் காலை நடையை முடித்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்கு என்னமோ ஆயிடுச்சு. வண்டிச் சாவியை எங்கே வெச்சேன்னே தெரியலை. நேத்து ஒரே கடிதத்தை ரெண்டு தடவை அனுப்பியிருக்கேன். தலை கிர்ருங்குது. டாக்டரைப் பார்க்கணும்" என்றான்.

"ஃபிரிட்ஜ் கதவுல ஒரு தாள் ஒட்டியிருக்கு. மூளையைக் காக்க ஏழு வழி. படிச்சுப் பாருங்க" என்றார் அண்ணி.

அவன் நிஜமாகவே போய் நின்று சத்தமாகப் படித்தான். "ஒன்று. இரவில் ஏழு மணி நேரம் நிம்மதியாகத் தூங்குங்கள்." பிறகு எரிச்சலாகத் திரும்பினான். "இது யாரால முடியும்?"

"ஆறு வருஷமா உங்களால முடிஞ்சுதே" என்றார் அண்ணி.

அண்ணன் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டான். சட்டைப் பொத்தானை அவிழ்த்துச் சரியாகப் போட்டுக்கொண்டான். அவன் திருந்திவிட்டான் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். முணுமுணுத்துக்கொண்டுதான் அப்பாவைத் திருப்பிப் போடுகிறான். முணுமுணுக்கட்டும், போடுகிறான் இல்லையா?

டாக்டரம்மா சொன்ன மூன்று மாதம் முடிந்தது. பிரஷர் இறங்கியிருந்தது. அண்ணி காகிதத்தில் எழுதிப் பார்ப்பதை எப்போது நிறுத்தினார் என்று அவருக்கே தெரியவில்லை. கம்பெனியில் கத்திக்காரர் சாக்பீஸ் பிடித்த லட்சணத்தில் துணி வீணானதுதான் மிச்சம். ஒரு திங்கட்கிழமை மறுபடியும் ரோமத் துணி வந்தது. மேனேஜர் பிசிறு வெட்டுகிற முக்காலிக்கே வந்து சாக்பீஸை நீட்டினார்.

அண்ணி வரைந்தார். கை அட்டையை வைத்து வரைந்தார், புரட்டிப் போட்டு வரைந்தார். கத்திக்காரர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். அண்ணி உள்ளங்கையைக் கோட்டின்மேல் வைத்தார்.

"சுத்தி வாங்க."

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கும்க்கா."

"அன்னிக்கும் இதையேதான் நினைச்சீங்க. சுத்தி வாங்க. தொட்டுச் சொல்லுங்க."

கத்திக்காரர் சுற்றி வந்தார். இது முதுகு, இது கழுத்து, இது இடது கை, இது வலது கை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். மேனேஜர் இளித்துக்கொண்டே, "பரவாயில்லையே டேப் அக்கா, ஞாபகமெல்லாம் திரும்பி வந்துடுச்சுபோல" என்றார்.

"எல்லாம் ஞாபகம் இருக்கு சார்" என்றார் அண்ணி. "அன்னிக்கு முதல்ல சிரிச்சது யாருன்னுகூட ஞாபகம் இருக்கு."

என் பக்கம் அவர் திரும்பவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு, வந்த கட்டைப் பிரித்து, இடதையும் வலதையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கத் தொடங்கினேன்.